மாதிரி விமானங்களுக்கு அறைக்குள்ளேயே ஸ்ப்ரே பூத் செய்யலாமா?

கேள்வி: சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் வசிக்கிறேன். பிளாஸ்டிக் மாதிரி விமானங்களுக்குப் பால்கனியில் வைத்து ஏர்பிரஷ்ஷால் (காற்றழுத்தத்தால் பெயின்டைத் தெளிக்கும் சிறு கருவி) பெயின்ட் அடித்து வந்தேன். மழைக்காலத்தில் அது முடிவதில்லை. தின்னர் வாடை வருவதாகப் பக்கத்து வீட்டாரும் குறைபட்டுக்கொள்கிறார்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் சாமான் பெட்டி ஒன்றில் 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேனைப் பொருத்தி, அறைக்குள்ளேயே ஸ்ப்ரே பூத் (தெளிக்கும் பெயின்டையும் வாடையையும் உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) செய்துகொள்ளலாமா? சில சமயம் லாக்கர் (lacquer) என்னும், கடுமையான கரைப்பான் கலந்த பெயின்டும் அடிப்பதுண்டு.

பதில்: செய்யலாம். ஆனால் ஃபேனை வாங்குவதற்கு முன்பு, பெட்டியின் வாய் எவ்வளவு பெரிதாக இருக்கப்போகிறது என்பதை முடிவுசெய்துகொள்ளுங்கள். மற்ற அளவுகள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. தெளித்த பெயின்ட் நம் முகத்துக்குத் திரும்பாமல் இருக்க, பெட்டியின் வாயில் காற்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடி வேகத்தில் உள்ளே போக வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 2 அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள வாயின் பரப்பு 3 சதுர அடி; அதற்கு நிமிடத்துக்கு 300 கன அடி, அதாவது மணிக்குச் சுமார் 510 கன மீட்டர் காற்று தேவை.

ஃபேன் அட்டையில் அச்சிட்டிருக்கும் எண், முன்னாலும் பின்னாலும் எந்தத் தடையும் இல்லாதபோது கிடைக்கும் அளவு. குளியலறைச் சுவரில் மாட்டும் இறக்கை ஃபேனுக்கு முன்னால் ஃபில்டரையும் பின்னால் ஐந்தடிக் குழாயையும் வைத்தால், இறக்கை சுற்றும். ஆனால் காற்று பெரிதாக நகராது. ஆகவே குழாய்க்குள் தள்ளுவதற்கென்றே செய்யப்பட்ட இன்லைன் ஃபேனையோ புளோயரையோ வாங்குங்கள். அதையும் கணக்கில் வந்த அளவைப் போல் ஒன்றரை மடங்கு திறனுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பழைய சமையலறைச் சிம்னி ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால் அதன் புளோயரே போதும். அதன் வாயும் பெரும்பாலும் 6 அங்குலம்தான். குழாயை 4 அங்குலமாகக் குறைத்துவிடாதீர்கள். 6 அங்குலக் குழாயின் உட்பரப்பு அதைப்போல் இரண்டேகால் மடங்கு. வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

பெரிய ஃபேனுக்குச் செலவழிக்க மனமில்லை என்றால், வாயைச் சிறிதாக்குங்கள். மேற்பாதியில் அரையடி உயரத்துக்கு அக்ரிலிக் தகடு ஒன்றைத் தொங்கவிட்டால் பரப்பு 2 சதுர அடியாகிவிடும். 200 கன அடிக் காற்றே போதும், தகட்டின் வழியே உள்ளே பார்க்கவும் முடியும். 1/48 அளவில் (நிஜ விமானத்தின் நீளத்தில் 48-இல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் இறக்கை முனைக்கு முனை 23 செ.மீ.தான், சுகோய்-30 கூட நீளத்தில் 46 செ.மீ.யைத் தாண்டாது. பெரிய வாய் உங்களுக்குத் தேவையே இல்லை.

நான் முதலில் செய்த பெட்டியில் பின்சுவரில் வட்டமாக வெட்டி ஃபேனை நேராகப் பொருத்தினேன். நடுவில் மட்டும் இழுத்தது. நான்கு மூலைகளிலும் பெயின்ட் தூள் சுழன்று, காயாத இறக்கையின் மேல் மணல் தூவியதுபோல் வந்து படிந்தது. அதற்குப் பரிகாரம், பின்பக்கம் முழுவதையும் ஃபில்டராக்கி, அதற்குப் பின்னால் நான்கு அங்குல வெற்றிடம் விட்டு, அந்த இடத்திலிருந்து குழாயை எடுப்பது. ஏசிக்கு விற்கும் பாலியஸ்டர் ஃபில்டர் விரிப்பு இதற்குப் போதும். நிறம் ஏறியதும் மாற்றிவிட வேண்டும்.

ஃபில்டர் பெயின்ட் துகளைத்தான் பிடிக்கும், தின்னர் ஆவியைப் பிடிக்காது. ஆகவே குழாயின் மறுமுனை ஜன்னலுக்கு வெளியே, பக்கத்து வீட்டு ஜன்னலை நோக்காமல் இருக்க வேண்டும். மழைநீர் இறங்காதபடி வாயைக் கீழ்நோக்கித் திருப்பி, ஃபேன் நின்றதும் தானே மூடிக்கொள்ளும் தகட்டையும் வைத்துவிடுங்கள். என்95 மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. லாக்கர் அடிக்கும்போது கரைப்பான் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க்கைத்தான் அணிய வேண்டும்.

தீப்பிடிக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். லாக்கர் தின்னர்களில் சேரும் கரைப்பான்களில் ஒன்றான அசிட்டோனை எடுத்துக்கொள்வோம்; அதில் 10 மில்லி முழுவதும் ஆவியானால் மூன்று லிட்டர் சொச்சம் ஆவி கிடைக்கும். 300 கன அடி ஃபேன் பத்து நிமிடத்தில் 85,000 லிட்டர் காற்றை வெளியேற்றுகிறது. அதில் இந்த ஆவி 0.004 விழுக்காடுதான். அசிட்டோன் தீப்பற்றக் காற்றில் குறைந்தது 2.5 விழுக்காடு வேண்டும். எனவே ஃபேன் ஓடும்வரை ஏர்பிரஷ்ஷால் ஆபத்து மிகக் குறைவு. ஃபேன் நின்றுபோய், தின்னர் கிண்ணம் கவிழ்ந்தால் கதையே வேறு. கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் உள்ளுக்குள் பொறி பறக்க ஓடுவது, அதைத் தவிருங்கள். சுவிட்சைப் பெட்டிக்கு வெளியே எட்டி வையுங்கள். தின்னர் பாட்டிலைத் திறக்கும் முன்பே ஃபேனைப் போட்டு, வேலை முடிந்து பத்து நிமிடமாவது ஓடவிடுங்கள். ஸ்ப்ரே டப்பாக்களை இந்தப் பெட்டிக்குள் அடிக்காதீர்கள். அவற்றில் உந்துவாயுவே தீப்பற்றும் வாயு, வெளிவரும் அளவும் மிக அதிகம். அவற்றுக்கு மொட்டைமாடிதான் சரி.

பத்துக்குப் பத்து அறையில் இருப்பது சுமார் 900 கன அடிக் காற்று. உங்கள் ஃபேன் மூன்று நிமிடத்தில் அவ்வளவையும் வெளியே தள்ளும். கதவையும் ஜன்னலையும் இறுக மூடிவிட்டு உட்கார்ந்தால் உள்ளே வரக் காற்றில்லாமல் இழுவை படுத்துவிடும். எனவே கதவை நாலு விரல் திறந்துவையுங்கள். ஏசி போட்டிருந்தால் அந்தக் குளிரும் வெளியே போகும். புழுக்கமான மழைநாளில் லாக்கர் அடித்தால் ஈரத்தால் மேற்பரப்பு வெளுத்துப்போகும். அது பூத்தின் குற்றமில்லை, அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

எல்லாம் பொருத்தியபின், தின்னர் பாட்டில்கள் எவையும் அறையில் இல்லாதபோது, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பெட்டி வாயின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் பிடித்துப் பாருங்கள். எந்த மூலையில் புகை தயங்கி மேலெழுகிறதோ, அங்கே ஃபில்டருக்குப் பின்னால் காற்று போக வழியில்லை என்று பொருள்.