கற்பூரத்தைத் தனியே எடுத்து வையுங்கள்

பல சரக்குகளைக் கலந்து கப்பலில் அனுப்புவது பற்றிக் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

நானும் என் ஓர்ப்படியும் மாங்காய் ஊறுகாயும் கேழ்வரகு மாவும் தயாரித்து விற்கிறோம். சிங்கப்பூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் நாத்தனார், இவற்றோடு புளி, எவர்சில்வர் பாத்திரம், ஊதுவத்தி, கற்பூரம், தீப்பெட்டி எல்லாவற்றையும் சேர்த்து அறுபது பெட்டிகளாக அனுப்பச் சொல்கிறார். ‘வீட்டு உபயோகப் பொருட்கள்’ என்று ஒரே வரியில் பில் போட்டு அனுப்பலாமா?
— வாசகி, காவேரிப்பட்டணம்

அப்படி அனுப்பக் கூடாது. குடிபெயர்ந்து போகிறவர் தம் தட்டுமுட்டுச் சாமான்களை அனுப்புவது வேறு, கடையில் விற்பதற்காக அனுப்புவது வேறு. உங்களுடையது வணிக ஏற்றுமதி என்பதால் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் தரும் ஐ.இ.சி. என்னும் ஏற்றுமதி-இறக்குமதி எண் முதலில் வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய்தான். அந்நியச் செலாவணியைக் கையாளும் உங்கள் வங்கிக் கிளையின் ஏ.டி. கோடு என்னும் எண் சுங்கத்துறையில் பதிவாக வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் எல்.யு.டி. என்னும் உறுதிமொழிப் பத்திரத்தைத் தாக்கல் செய்துவிட்டு, வரி கட்டாமலேயே சரக்கை அனுப்பலாம். புளி, மசாலாப் பொருட்கள் வாரியத்தின் பட்டியலில் உள்ளது. ஊறுகாய், வேளாண் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபீடாவின் பட்டியலில் உள்ளது. ஆக, இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு தேவை.

இவையெல்லாம் ஒருமுறை அலைந்தால் முடிந்துவிடும் வேலைகள். கலப்புச் சரக்கின் உண்மையான சிக்கல் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது. அறுபது பெட்டிகளில் ஒரே ஒரு பெட்டியில் தகராறு என்றாலும், அதே ஷிப்பிங் பில்லில் (சுங்கத்துறைக்குத் தரும் ஏற்றுமதி அறிவிப்பில்) உள்ள மற்ற ஐம்பத்தொன்பதும் அதனோடு சேர்ந்து நிற்கும். உங்கள் பட்டியலில் அப்படி நிறுத்தக்கூடியவை இரண்டு இருக்கின்றன. பூசைக்கு விற்கப்படும் கற்பூரம் பெரும்பாலும் டர்பன்டைன் எண்ணெயிலிருந்து செய்யப்படும் செயற்கைக் கற்பூரம். கடல்வழி அபாயச் சரக்கு விதிகளில் இதற்கு ஐ.நா. எண் 2717, எரியக்கூடிய திடப்பொருட்களுக்குரிய 4.1 வகுப்பில் இதை வைத்திருக்கிறார்கள். தீப்பெட்டியும் அதே வகுப்புதான், எண் 1944. கண்ணாடிக் காகிதம் சுற்றிய ஒரு வில்லை கற்பூரம் நம் வீட்டு மாடத்தில் ஆண்டுக்கணக்கில் சாதுவாகக் கிடக்கலாம். ஆனால் வெயிலில் கொதிக்கும் கண்டெய்னருக்குள், முன்பின் தெரியாத பத்துப் பேருடைய சரக்குகளுக்கு நடுவே அது இருக்கிறது என்பதைக் கப்பல்காரர் அறிந்திருக்க வேண்டும். அறிவிக்காமல் அனுப்புவது குற்றம். அறிவித்து அனுப்பினால் தனிப் பொதிவு, தனிச் சான்று, தனிக் கட்டணம் என்று செலவு ஏறும். இவை இரண்டையும் இந்தச் சரக்கிலிருந்து நீக்கிவிட்டு, அங்கேயே மொத்த வியாபாரியிடம் வாங்கிக்கொள்ளும்படி நாத்தனாரிடம் சொல்வதுதான் என் ஆலோசனை.

மீதிச் சரக்கைப் பொறுத்தவரை, ஒரு பெட்டிக்கு ஒரு பொருள் என்று வையுங்கள். அண்டாவின் வயிற்றில் காலி இடத்தைக் கண்டால் அதற்குள் நாலு பொட்டலம் புளியைத் திணிக்காமல் இருக்க நமக்கு மனம் வராது. ஊருக்குப் போகும்போது அப்படித்தானே மூட்டை கட்டுகிறோம். ஏற்றுமதியில் அந்தப் பழக்கம் ஆகாது. பெட்டியின் வெளியே 1/60, 2/60 என்று எண் எழுதி, ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் என்ன இருக்கிறது, எத்தனை உருப்படி, நிகர எடை, மொத்த எடை ஆகியவற்றைப் பேக்கிங் லிஸ்ட்டில் காட்ட வேண்டும். இன்வாய்ஸில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரியும் பொருளின் வகையைக் காட்டும் தனி எச்.எஸ். குறியீடும் இருக்க வேண்டும். சுங்க அதிகாரி 17ஆம் பெட்டியைத் திறந்து எவர்சில்வர் தட்டைத் தேடும்போது அங்கே புளி இருந்தால், அதன்பின் எல்லாப் பெட்டிகளையுமே திறக்கச் சொல்வார்.

நாத்தனார் தரப்பிலும் வேலை உண்டு. சிங்கப்பூரில் உணவுப் பொருளை இறக்குமதி செய்பவர் அந்நாட்டு உணவு முகமையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஒவ்வொரு சரக்குக்கும் அனுமதியும் எடுக்க வேண்டும். நீங்கள் அனுப்பும் பொருட்களுக்கு அங்கே சுங்கத் தீர்வை இல்லை. ஆனால் 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடாக உள்ள ஜி.எஸ்.டி.யைக் கட்ட வேண்டும். பொருளின் விலையோடு காப்பீட்டையும் கப்பல் கூலியையும் கூட்டி, அந்தத் தொகைக்குத்தான் வரி கணக்கிடுவார்கள்.

நான் அனுப்பிய 40 அட்டைப் பெட்டிகளின் மொத்த எடை 720 கிலோதான். ஒவ்வொன்றும் 60×45×40 செ.மீ. அளவு. என் கணக்கில் 4.32 கன மீட்டர் வருகிறது; 4.9 கன மீட்டருக்குக் கட்டணம் வாங்கிவிட்டார்கள். ஏமாற்றிவிட்டார்களா?
— வாசகர், பாலக்கோடு

ஏமாற்றியதாகத் தெரியவில்லை. முழுக் கண்டெய்னர் எடுக்காமல், பலருடைய சரக்கோடு சேர்த்து எல்.சி.எல். முறையில் அனுப்பும்போது, கன மீட்டர் கணக்கு, ஆயிரம் கிலோவை ஒன்றாக வைத்த எடைக் கணக்கு ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். உங்கள் சரக்கு இலேசானது என்பதால் இடத்துக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள். இனி அந்த 0.58 கன மீட்டர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நீங்கள் சொல்லும் அளவு காலிப் பெட்டியின் அளவாக இருக்க வேண்டும். சென்னையில் சரக்கு நிலையத்தில் அளப்பவர், பெட்டி எங்கே மிகவும் புடைத்திருக்கிறதோ அங்கே டேப்பை வைப்பார். நிறையத் திணித்ததால் ஒவ்வொரு பக்கமும் இரண்டே செ.மீ. கூடி 62×47×42 ஆகியிருந்தால், நாற்பது பெட்டிக்கு 4.9 கன மீட்டர் சரியாக வந்துவிடுகிறது. அடுத்த முறை பெட்டி புடைக்காதபடி அடுக்குங்கள். ஒட்டிய பிறகு அளந்து, பெட்டிமேல் ஸ்கேல் வைத்து எடுத்த படத்தோடு அளவை அனுப்புங்கள். மரப் பலகைமேல் அடுக்கினால் பலகையின் உயரமும் கணக்கில் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்.சி.எல். தொழிலில் கப்பல் கூலியை மிகக் குறைவாகச் சொல்லி, சில வழித்தடங்களில் கூலியே இல்லை என்றுகூடச் சொல்லிச் சரக்கைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். விட்ட காசை அவர்கள் இறங்கும் துறைமுகத்தில் ‘கையாளும் கட்டணம்’, ‘பிரிப்புக் கட்டணம்’ என்ற பெயர்களில் உங்கள் வாடிக்கையாளரிடம் வசூலித்துவிடுவார்கள். அவருக்கு வரும் கோபம் உங்கள் மேல்தான் திரும்பும். விலைப்புள்ளி கேட்கும்போதே அந்தப் பக்கத்துக் கட்டணங்களையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மூடி முத்திரையிட்ட கண்டெய்னரில் போன கேழ்வரகு மாவு கட்டி கட்டியாகிவிட்டது. மழையே படாதபோது ஈரம் எப்படி வந்தது?
— வாசகர், கிருஷ்ணகிரி

ஈரம் உள்ளிருந்தே வந்திருக்கிறது. பகலில் சூடேறும்போது சரக்கிலும் அட்டையிலும் மரப்பலகையிலும் உள்ள ஈரம் ஆவியாகிறது. இரவில் இரும்புக் கூரை குளிர்ந்ததும் அந்த ஆவி துளியாகிச் சொட்டுகிறது. சோற்றுப்பானை மூடியின் அடியில் நீர் கோத்துக்கொள்வது போலத்தான். முழுக் கண்டெய்னராக இருந்தால் கால்சியம் குளோரைடு உறிஞ்சிப் பைகளைப் பக்கச் சுவரில் தொங்கவிடலாம். எல்.சி.எல்.லில் உங்கள் மாவுக்குப் பக்கத்தில் எவருடைய பச்சை மரச் சாமான் வரும் என்பது உங்கள் கையில் இல்லாததால், பெட்டிக்குள்ளேயே தடித்த பாலித்தீன் உறை போட்டு, அதற்குள் உறிஞ்சிப் பையை வைத்து ஒட்டுவதுதான் வழி. அரைத்த மாவை நன்றாக ஆறவிட்ட பிறகே பொட்டலம் போடுங்கள்.

சரக்குக்கு ஏதாவது ஆனால் கப்பல் கம்பெனி பொறுப்பேற்காதா? காப்பீடு வீண் செலவு என்கிறார் என் கூட்டாளி.
— வாசகர், தருமபுரி

ஓரளவுக்கு ஏற்கும், அதற்குச் சட்ட வரம்பு உண்டு, விதிவிலக்குகளோ ஏராளம். உங்கள் கூட்டாளியிடம் ‘ஜெனரல் ஆவரேஜ்’ பற்றிச் சொல்லுங்கள். கப்பலையும் சரக்கையும் பொது ஆபத்திலிருந்து மீட்கச் செய்த செலவை, அதில் சரக்கு வைத்திருந்த அனைவரும் மதிப்புக்கேற்பப் பகிர்ந்து கொள்ள வேண்டும் என்பது பழைய கடல் வழக்கம். 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிய ‘எவர் கிவன்’ கப்பலில் இதைத்தான் அறிவித்தார்கள். சிறு கீறல்கூட விழாத சரக்கின் உரிமையாளரும் பிணை கொடுத்த பிறகே தம் பெட்டியைப் பெற முடியும் என்ற நிலை வந்தது. காப்பீடு செய்திருந்தவருக்காக அந்தப் பிணையைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். இல்லாதவர் தம் கைப்பணத்தைத்தான் கட்ட வேண்டும்.

பொருள் மதிப்போடு கப்பல் கூலியும் காப்பீட்டுக் கட்டணமும் கூட்டி, அதற்குமேல் 10 விழுக்காடு சேர்த்துக் காப்பீடு எடுப்பது வழக்கம். ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்று மூன்று வகை உண்டு. ‘சி’ வகை மலிவானது, ஆனால் பாட்டில் உடைந்தது, பெட்டி காணாமல் போனது போன்ற சில்லறை இழப்புகளுக்கு அதில் எதுவும் கிடைக்காது என்பதால் கலப்புச் சரக்குக்கு ‘ஏ’ வகையே எடுங்கள். எந்த வகையிலும் பொதிவு சரியில்லாததால் வந்த சேதத்துக்கு இழப்பீடு இல்லை. உங்கள் கிடங்கிலிருந்து லாரி கிளம்பும் முன்பே காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும்; சென்னை போய்ச் சேர்ந்த பிறகு எடுத்தால், வழியில் லாரி கவிழ்வதும் மழையில் நனைவதும் உங்கள் கணக்கிலேயே விழும்.