ஜவ்வு பெரிதாகப் பிதுங்கிவிட்டது, தானாகச் சரியாகுமா?

கேள்வி: வயது 38. முதுகெலும்பின் அடியில், கடைசி இடுப்பெலும்புக்குக் கீழே இருக்கும் எல்5–எஸ்1 ஜவ்வு (டிஸ்க்) பெரிதாகப் பிதுங்கி நரம்பை அழுத்துவதாக ஸ்கேன் சொல்கிறது. மூன்று வாரமாக இடது கால் குதிகால் வரை இழுக்கிறது. ‘இவ்வளவு வெளியே வந்தது தானாக உள்ளே போகாது’ என்கிறார்கள். ஆபரேஷன்தான் வழியா?

பதில்: உள்ளே போகாதுதான், போக வேண்டியதும் இல்லை. ‘ஜவ்வு விலகல்’ என்று பலரும் சொல்லும் பெயரே குழப்பம். ஜவ்வு நகர்வதில்லை, வெளிச்சுற்று நார் கிழிந்து உள்ளிருக்கும் கூழ் பிதுங்குகிறது. வெளியே வந்த கூழை உடம்பு அந்நியப் பொருளாகவே நடத்துகிறது. அங்கே புது ரத்தக்குழாய்கள் முளைத்து, வெள்ளணுக்கள் வந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகின்றன. ஆகவே பெரிதாக வெளியேறியதுதான் அதிகம் கரையும். 2015-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், துண்டாகப் பிரிந்தவற்றில் 96 சதவீதம் தானாகச் சுருங்கியிருந்தன. வெறும் புடைப்பில் 13 சதவீதம்தான். மிதித்தோ இழுத்தோ ‘உள்ளே தள்ளுகிறேன்’ என்பவரிடம் போகாதீர்கள்.

பெரும்பாலோருக்குக் கால்வலி 6 முதல் 12 வாரத்தில் தணிந்துவிடும். அதுவரை முழு ஓய்வு வேண்டாம். படுக்கை இரண்டு நாள் போதும். பத்து பத்து நிமிடமாக நாளுக்கு நாலைந்து முறை நடங்கள். அரை மணிக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார வேண்டாம். இரவில் ஜவ்வு நீர் உறிஞ்சி உப்பியிருக்கும் என்பதால், எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியவே கூடாது. வாளி தூக்குவது, பெருக்குவது எல்லாம் பிறகு. சரியாகட்டும் என்று குனிந்து கால்விரலைத் தொடும் ஆசனம் செய்து கெடுத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

குப்புறப் படுத்து முழங்கை ஊன்றி இரண்டு நிமிடம் இருங்கள். தாங்கினால் உள்ளங்கை ஊன்றி, இடுப்பு தரையை விடாமல் மார்பை மட்டும் பத்து முறை உயர்த்துங்கள். நாளுக்கு மூன்று நான்கு வேளை. வலி காலை விட்டு இடுப்புக்கு ஏறினால் நல்லது, இடுப்பு கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் சரி. காலில் இன்னும் கீழே இறங்கினால் நிறுத்திவிடுங்கள்.

வாரம் ஒருமுறை சுவரைத் தொட்டுக்கொண்டு, இடது காலில் மட்டும் நின்று குதிகாலைப் பத்து முறை தூக்குங்கள்; பிறகு வலது கால். இடது கால் வாரத்துக்கு வாரம் பின்தங்கினால் அறுவை மருத்துவரைப் பாருங்கள். பாதம் தொங்கினாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ அன்றைக்கே, அந்த நேரமே மருத்துவமனை.

இவை இல்லாமல், 6–8 வாரத்திலும் கால்வலி தூங்கவிடவில்லையென்றால் ஆபரேஷன் பற்றிப் பேசலாம். அதில் வலி சீக்கிரம் குறையும். ஆனால் சில வருடம் கழித்துப் பார்த்தால் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் வித்தியாசம் குறைந்துவிடுகிறது. கால் சுண்டுவிரல் ஓரத்தில் மரப்பு இருந்தால், அது மட்டும் வலி போன பிறகும் சில மாதம் இழுக்கலாம்.