முத்திரைத்தாள் வேண்டாம், சாட்சி வேண்டும்

கேள்வி: எனக்கு 74 வயது. காரைக்குடியில் நானே சம்பாதித்து வாங்கிய வீடு, கானாடுகாத்தானில் பொது வீட்டில் ஒரு பங்கு, வங்கியில் கொஞ்சம் பணம் இருக்கிறது. மகள்கள் இருவர், ஒருவர் சிங்கப்பூரில். என் காலத்துக்குப் பிறகு மனைவி யாரையும் எதிர்பார்க்காமல் இருக்க வேண்டும் என்று வெள்ளைத்தாளில் உயில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முத்திரைத்தாளில் எழுதிப் பதிந்தால்தான் செல்லும் என்கிறார் புரோக்கர். பதிந்தால் வில்லங்கத்தில் ஏறிப் பங்காளிகளுக்குத் தெரிந்துவிடாதா?

பதில்: வெள்ளைத்தாள் போதும் ஐயா. உயிலுக்கு முத்திரைத்தாள் கிடையாது, பதிவும் கட்டாயமில்லை. ஆனால் சாட்சிகளைப் பற்றி நீங்கள் எதுவுமே சொல்லவில்லையே! இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடாத உயில் செல்லாது. நீங்கள் கையெழுத்திடுவதை இருவரும் பார்க்க வேண்டும், அவர்கள் உங்கள் கண்முன் கையெழுத்திட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் படிக்கத் தேவையில்லை. நாளைக்கு வழக்கு வந்தால், பதிந்த உயிலானாலும், இருவரில் ஒருவராவது வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். அதனால் உங்களைவிட இளையவராக, பக்கத்திலேயே இருப்பவராகப் பாருங்கள். சொத்து பெறும் மகள்களும் மருமகன்களும் வேண்டாம். புரோக்கரும் அவர் கூட்டிவரும் ஆளும் வேண்டவே வேண்டாம். அந்த ஆளைப் பிறகு எங்கே போய்த் தேடுவது?

பதிவு செய்துவிடுங்கள் என்பதே என் யோசனை. உயில் தனிப் புத்தகத்தில் பதியப்படும், வில்லங்கச் சான்றில் வராது. நீங்கள் இருக்கும்வரை அதன் நகல் உங்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். மனம் மாறினால் வேறு உயில் எழுதலாம், கடைசியாக எழுதியதே நிற்கும்.

ஆண் பிள்ளை இல்லாததால் பங்காளிக்குப் போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள். நீங்கள் வாங்கிய வீடு, உயில் இல்லாவிட்டாலும், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் மனைவி ஆச்சிக்கும் மகள்கள் இருவருக்கும் சமமாகத்தான் போகும். ஆனால் ஆச்சி மூன்றில் ஒரு பங்குக்காரர் ஆகிவிடுவார். வாரிசுச் சான்று, பட்டா மாற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் சிங்கப்பூரிலிருந்து கையெழுத்து கேட்கலாம். மனுவைக் கணினியில் வாங்கிக்கொண்டு ஆளை நேரில் அலையவிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. எழுபது வயதுக்கு மேல் ஒரு பெண்மணி தாலுகா ஆபீஸ் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஆகவே அந்த வீடு ஆச்சிக்கு விற்கும் உரிமையோடு முழுமையாகவா, இல்லை ஆயுள்வரை அனுபவித்து அப்புறம் மகள்களுக்கா என்பதை ஐயமில்லாமல் எழுதுங்கள். வங்கியில் நாமினி போட்டிருக்கிறேன் என்று விட்டுவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், உரிமையாளர் அல்ல; பணத்தையும் உயிலில் சேருங்கள்.

அடுத்தது பொது வீடு. சட்டப்படி உங்கள் பங்கை உயிலில் எழுதலாம். ஆனால் 'வளவில் (நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியில்) மேற்கு அறை மூத்தவளுக்கு' என்று எழுத முடியாது. அறைச் சாவி தலைமுறையாக உங்கள் புள்ளியிடம், அதாவது உங்கள் குடும்பத்திடம், இருக்கலாம்; அது புழங்கும் வசதிதான். பதிந்த பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அந்த அறை உங்களுக்கென்று பிரிந்திருந்தால் மட்டும் அப்படி எழுதலாம். இல்லையென்றால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாவற்றிலும் உங்களுக்கு இத்தனையில் ஒரு பங்கு, அவ்வளவுதான். பரம்பரைச் சொத்தானால் அந்தச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு அதில் மகள்களுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு. அதை உயிலால் எடுக்க முடியாது. அறையில் இருக்கும் ஆச்சியின் சீர்ச் சாமான்களும் அவருடையவை, உங்கள் உயிலில் வரக்கூடாது.

'உயில் எதற்கு, மருமகன் பேரில் பவர் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அதே புரோக்கர் அடுத்து வருவார். பவர் கொடுத்தவர் இறந்த நிமிடமே அது செல்லாது. இது தெரிந்த புரோக்கர்கள்தான், வெளிநாட்டில் இருக்கும் ஒரு வாரிசிடம் சொற்ப விலைக்குப் பங்கை எழுதி வாங்கி, மற்ற பங்காளிகளை நெருக்கி, கடைசியில் பர்மா தேக்குத் தூண்களையும் நிலைக்கதவையும் கழற்றி ஏற்றிப் போகிறார்கள். பொது வீட்டில் ஒரு தூணைக்கூடத் தனியாளாக விற்க யாருக்கும் உரிமை இல்லை.

உயிலைப் புதிதாக எழுதுங்கள், சர்வே எண்ணும் பத்திர எண்ணும் சேர்த்து. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுங்கள். உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரே ஒரு சாட்சியாக இருந்தால், சுயநினைவு இல்லை என்று பிறகு யாரும் கிளப்புவது கடினம். நடக்க முடியாவிட்டால் சார்பதிவாளரையே வீட்டுக்கு வரவழைக்க மனுக் கொடுக்கலாம். மூல உயில் எந்த லாக்கரில் இருக்கிறது என்பதை ஆச்சியிடமும் மகள்கள் இருவரிடமும் சொல்லிவையுங்கள்.