பெடார்டா, செலிப்ரினியா? இரு இளம் முன்கள வீரர்கள் குறித்த கேள்வி பதில்

(2024-25 பருவம் வரையிலான ஆட்டங்களைக் கொண்டு பதில்கள் தரப்பட்டுள்ளன.)

கேள்வி: ஐஸ் ஹாக்கியை அண்மையில்தான் பார்க்கத் தொடங்கினேன். கானர் பெடார்ட், மேக்லின் செலிப்ரினி ஆகிய இரு பெயர்களையும் ஏன் எப்போதும் சேர்த்தே சொல்கிறார்கள்?

பதில்: இருவரும் கனடாவின் வான்கூவர் பகுதியில் பிறந்தவர்கள். பெடார்ட் 2005 ஜூலையிலும் செலிப்ரினி 2006 ஜூனிலும் பிறந்தனர். இடைவெளி முழுதாகப் பதினொரு மாதம்கூட இல்லை. வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.-இன் அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2023 டிராஃப்டில் முதல் ஆளாகப் பெடார்டைச் சிகாகோ பிளாக்ஹாக்ஸ் எடுத்தது; அடுத்த ஆண்டு அதே முதல் இடத்தில் செலிப்ரினியைச் சான் ஹோசே ஷார்க்ஸ் எடுத்தது. இருவருமே சென்டர், அதாவது முன்கள வரிசையின் நடுவில் ஆடும் ஆட்டக்காரர்கள், இருவருக்கும் வாய்த்தவை தோற்றுக்கொண்டிருந்த அணிகள். ஒப்பிடாமல் இருப்பதுதான் கடினம்.

கேள்வி: முதல் பருவக் கணக்கில் யார் முன்னே?

பதில்: பெடார்ட் 68 ஆட்டங்களில் 22 கோல், 39 அசிஸ்ட் (சக வீரரின் கோலுக்கு வழிவகுத்த பாஸ்) என 61 புள்ளிகள் பெற்றார். செலிப்ரினி 70 ஆட்டங்களில் 25 கோல், 38 அசிஸ்ட் என 63 புள்ளிகள் பெற்றார். ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்தால் இருவருக்கும் ஏறக்குறைய 0.9 வருகிறது. பெடார்டுக்கு 2024 ஜனவரியில் தாடை எலும்பு முறிந்தது. செலிப்ரினி தம் முதல் ஆட்டத்திலேயே ஒரு கோலும் ஓர் அசிஸ்டும் எடுத்த கையோடு இடுப்புக் காயத்தால் 12 ஆட்டங்களை இழந்தார். ஆக, காயத்தால் இழந்த ஆட்டங்களும் ஏறத்தாழ ஒன்றுதான்.

கேள்வி: பெடார்ட் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையை வென்றார், செலிப்ரினி வெல்லவில்லை. அத்துடன் விவாதம் முடிந்துவிடவில்லையா?

பதில்: இல்லை. 2025-இல் கோப்பையைப் பெற்றவர் மான்ட்ரியால் அணியின் தடுப்பாட்டக்காரர் லேன் ஹட்சன். செலிப்ரினி இறுதி மூவரில் ஒருவராக இருந்தார். போட்டியாளர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் விருதை வைத்து இருவரைத் தராசில் நிறுத்த முடியாது.

கேள்வி: கோல் அடிக்கும் திறனில் பெடார்டை மிஞ்ச ஆளில்லை என்கிறேன். மறுப்பீர்களா?

பதில்: பக் எனப்படும் வட்டை அடிக்கும் கலையில் மறுக்க மாட்டேன். அவருடைய மட்டை முனையைக் கவனியுங்கள். உடலிலிருந்து தள்ளி வைத்திருக்கும் வட்டை ஒரு நொடிக்குள் கால் பக்கமாக இழுத்து, அந்த இழுப்பிலேயே மட்டையை வளைத்து விடுவிக்கிறார். வட்டு கிளம்பும் இடமே மாறிவிடுவதால், பழைய கோணத்தை அடைத்து நின்ற கோல்காப்பாளர் அசையும் முன் வலை குலுங்கிவிடுகிறது. 2022-23 பருவத்தில் கனடாவின் இளையோர் லீக் அணியான ரெஜைனா பேட்ஸுக்காக 57 ஆட்டங்களில் 71 கோல்களை அவர் குவித்தது இப்படித்தான். ஆனால் இளையோர் லீகில் இந்த இழுப்புக்குக் கிடைத்த இடமும் நேரமும் என்.எச்.எல். களத்தில் கிடைப்பதில்லை, இரண்டாம் பருவத்தில் 82 ஆட்டங்களும் ஆடி அவர் 23 கோல்களோடு நின்றதற்கு இதையும், உடன் ஆடியவர்களின் தரத்தையும் காரணமாகச் சொல்வேன்.

கேள்வி: என் மகன் இளையோர் அணியில் ஆடுகிறான். செலிப்ரினி சென்ற கல்லூரி வழி அவ்வளவு நல்லதா?

பதில்: அவருக்குப் பொருந்தியது. பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்காக 38 ஆட்டங்களில் 64 புள்ளிகள் எடுத்து, அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் சிறந்த வீரருக்கான ஹோபி பேக்கர் விருதை மிக இளம் வயதில் வென்றவரானார். கல்லூரி ஆட்டங்கள் பெரும்பாலும் வார இறுதியில் நடப்பதால் உடற்பயிற்சிக்கு நாட்கள் மிஞ்சுகின்றன; எதிரில் நிற்பவர்களோ இருபது வயது கடந்த, உடல் முற்றிய ஆட்கள். மோதலில் வட்டைக் காப்பாற்றும் அவருடைய வலிமைக்கு இது உதவியிருக்கும் என்பது என் கணிப்பு. உங்கள் மகனின் உடல்வாகு பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பெடார்டின் பிளஸ்-மைனஸ் (அவர் களத்தில் இருக்கும்போது தம் அணி அடித்த கோல்களுக்கும் வாங்கிய கோல்களுக்கும் உள்ள வித்தியாசம்) முதல் ஆண்டில் -44. தற்காப்பே தெரியாதவர் என்றுதானே பொருள்?

பதில்: அந்த எண்ணை அவ்வளவு நம்பாதீர்கள், செலிப்ரினிக்கும் -31 இருந்தது. மோசமான அணியில் அதிக நேரம் களத்தில் நிற்பவர் தலையில்தான் எதிரணியின் கோல்கள் விழும். நான் பார்ப்பது வேறு: நடுவர் வட்டைப் போடும்போது அதை வெல்லும் விகிதம் பெடார்டுக்கு முதல் ஆண்டில் நாற்பது சதவீதத்தையும் எட்டவில்லை. சென்டருக்கு அது பெரிய குறை, ஏனெனில் அவர் அணி ஒவ்வொரு முறையும் வட்டைத் துரத்தியபடியே தொடங்க நேர்கிறது.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், யாரை எடுப்பீர்கள்?

பதில்: செலிப்ரினியை. ஒரே ஒரு கோல் தேவைப்படும் இரவில் மட்டும் பெடார்டை.

கேள்வி: அந்த வேறுபாட்டை நானே காண எங்கே பார்க்க வேண்டும்?

பதில்: வட்டைப் பறிகொடுத்த அடுத்த பத்து நொடிகளில் பாருங்கள். தொலைக்காட்சிக் கேமரா வட்டின் பின்னாலேயே ஓடும், நீங்கள் ஓடாதீர்கள். செலிப்ரினி உடனே திரும்பி, எதிராளிக்கும் தம் கோலுக்கும் நடுவே புகுந்துவிடுவார். பெடார்ட் பல வேளைகளில் அடுத்த தாக்குதலுக்கு வாகான இடத்தில் அரைக்கணம் காத்திருப்பார்.