ஆற்றங்கரைக்கும் பேங்க்குக்கும் என்ன உறவு?

காரைக்குடியில் படிக்கும் மகள் பள்ளிக் கட்டுரைக்கு ‘பேங்க்’ என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்திருக்கிறாள், ஆற்றங்கரைக்கும் பணம் போடும் இடத்துக்கும் ஒரே பெயர் வந்தது தற்செயலா என்று கேட்டிருந்தீர்கள். தற்செயல் இல்லை. இரண்டும் தூரத்துப் பங்காளிகள்.

கரை என்ற பொருள் ஸ்காண்டிநேவிய மொழி வழியாக வந்தது. மேடு, சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானம் திரும்பும்போது ஒருபக்கம் சாய்வதற்கும் இதே சொல்தான்.

பணம் போடும் இடம் என்ற பொருள் இத்தாலி வழி. அங்கே ‘பாங்கா’ என்றால் பலகை, மேசை. காசு மாற்றுகிறவர்கள் அதைப் போட்டுத்தான் தொழில் செய்தார்கள். இரண்டுக்கும் மூலம் பழைய ஜெர்மானியச் சொல். வகுப்பில் அவள் உட்காரும் பெஞ்சும் அதே வம்சம். திவாலைச் சொல்லும் ‘பேங்க்ரப்ட்’கூட ‘உடைந்த பலகை’தான். ஆனால் கடன் கொடுத்தவர்கள் வந்து நிஜமாகவே பலகையை உடைத்தார்கள் என்ற கதையை எழுத வேண்டாம், உறுதியான ஆதாரம் கிடையாது.

அப்புறம், செட்டிநாட்டுப் பிள்ளை நம்மூர்க் கதையை விடலாமா? சிங்கப்பூரில் கடையும் தங்குமிடமுமாக இருந்த கிட்டங்கிகளில் நகரத்தார் தரையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பெட்டியும் எழுதுமேசையுமாகவே வட்டிக்கடை நடத்தினார்கள். சின்ன வேலையாளுக்குப் பெயரே ‘பெட்டியடிப் பையன்’. 1937இல் நகரத்தார் ஒருவர் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் சென்னை, காரைக்குடி, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நேரத்தில் திறந்தது. வீட்டில் பழைய கைப்பெட்டி இருந்தால் படம் எடுத்து ஒட்டச் சொல்லுங்கள். இரத்த வங்கிக்கு ஒரு வரி போதும், அது பணத்திலிருந்து கிளைத்ததுதான்.