சீமெந்துத் தரைக்கு எந்தப் பலகை?

கேள்வி: கிளிநொச்சியில் மாடியில்லாத வீடொன்று கட்டி வருகிறோம். இரண்டு படுக்கையறைகளுக்கு மரத்தளம் போட விருப்பம். எங்கள் காணியில் நின்ற தேக்கை அனுமதி பெற்றுத் தறித்து, நான்கு மாதங்களுக்கு முன் பலகையாக அறுத்து வைத்திருக்கிறோம். அதையே பதிக்கலாமா, கொழும்பிலிருந்து எஞ்சினியர்ட் பலகை எடுப்பது நல்லதா?

பதில்: இந்த அறைகளுக்கு எஞ்சினியர்ட் பலகையையே, அதாவது மரத்தாள்களை ஒட்டிச் செய்த பலகையையே எடுங்கள். உங்கள் தேக்கில் குறை எதுவும் இல்லை. நிலத்தின் மேல் நேரே இட்ட கொங்கிறீட்டும் வன்னியின் காலநிலையுமே அப்படிச் சொல்ல வைக்கின்றன.

மரம் ஈரத்தை வாங்கினால் அகலவாட்டில் விரியும், இழந்தால் ஒடுங்கும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரியில் ஊறும் நமது மண், சோளகம் வீசும் மாதங்களில் வெடிக்குமளவு காய்கிறது. சன்னல்களைத் திறந்தே வைத்திருக்கும் வீட்டுக்குள்ளும் அந்த மாற்றம் வரும். ஈரம் 20 சதவீதமாக இருக்கும் 100 மில்லிமீற்றர் அகலத் தேக்குப் பலகை, 12 சதவீதத்துக்கு இறங்கும்போது ஒரு மில்லிமீற்றருக்கு மேல் ஒடுங்கக்கூடும். ஓர் அறையின் குறுக்கே முப்பது பலகைகள் இருந்தால், ஒவ்வோர் இணைப்பிலும் மண் புகுமளவுக்கு நீக்கல் தெரியும். நான்கு மாதப் பலகை இன்னும் பச்சைதான். ஓர் அங்குலப் பலகை நிழலில் உலர ஏறத்தாழ ஒரு வருடம் செல்லும் என்பதால், இடையிடையே சட்டம் வைத்து, காற்றுப் புகும்படி அடுக்கி விடுங்கள். கதவுக்கும் அலுமாரிக்கும் அதைவிட நல்ல மரம் கிடைக்காது.

எஞ்சினியர்ட் பலகையில், மெல்லிய மரத்தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அடிப்பாகத்தின் மேல் உண்மையான மரப்படை இருக்கும். ஒரு தாள் விரிய முயன்றால் அடுத்தது அதைப் பிடித்து நிறுத்துவதால், கொங்கிறீட்டின் மேல் நேரடியாக ஒட்டவும் அது ஏற்றது. கடையில் மொத்தத் தடிப்பை மட்டும் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். மேற்படை எத்தனை மில்லிமீற்றர் என்று கேளுங்கள். 4 மில்லிமீற்றர் என்றால் பிற்காலத்தில் ஓரிரு தடவை உரசி மெருகிடலாம், அதில் பாதியென்றால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

கறையான் விடயத்தில் மட்டும் தேக்கின் வைரப்பகுதிக்கே என் வாக்கு. எஞ்சினியர்ட் பலகையின் அடிப்பாகம் பெரும்பாலும் கறையான் அரிக்கக்கூடிய மரம். மருந்தேற்றியதா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். சுவரும் தளமும் சேரும் மூலைகளிலும் குழாய் நுழையும் இடங்களிலும் பலகை பதிக்கும் முன்பே கறையான் மருந்து இடப்பட வேண்டும். 2018 டிசெம்பர் வெள்ளம் உங்கள் காணிக்குள் நின்றதென்றால் இரண்டு பலகையும் வேண்டாம், ரைல்ஸ் போடுங்கள்.

பதிக்கும் முன், தடித்த பொலித்தீன் துண்டொன்றைத் தரையில் விரித்து நான்கு ஓரங்களையும் ரேப்பால் இறுக்கி, ஒரு முழுநாள் விடுங்கள். அடியில் நீர் பூத்திருந்தாலோ கொங்கிறீட் கறுத்திருந்தாலோ தரை இன்னும் காயவில்லை, வேலையைத் தள்ளிப்போடுங்கள். சுவரோரம் 10 மில்லிமீற்றர் இடைவெளி விட்டுப் பதித்து, அதை மறைப்புச் சட்டத்தால் மூடச் சொல்லுங்கள். பூச்சு வேலை செய்யும் மேசன் அந்த இடைவெளியைச் சீமெந்தால் நிரப்பிவிடாதபடி நீங்களே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.