தாய்லாந்துக் கடற்கரை: எந்த மாதம், எந்தப் பக்கம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தென் தாய்லாந்தின் தீவுகளுக்குக் குடும்பங்களை அழைத்துப் போய் வருவது என் தொழில். 'எந்தத் தீவு அழகு?' என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். நான் 'எந்த மாதம் போகிறீர்கள்?' என்று திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் தெரிந்தால்தான் மற்றதைச் சொல்ல முடியும். இந்த முறை வந்த கேள்விகளைப் படித்தாலே ஏன் என்று புரியும்.

மே மாதம் பிள்ளைகளுக்கு விடுமுறை. புக்கெட் போகத் திட்டம். மழைக்காலம் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள், ஒன்றும் ஆகாது என்று சிலர் சொல்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது? (மதுரை வாசகி)

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தென் தாய்லாந்து ஒடுங்கிய நிலம். மேற்கே அந்தமான் கடல்: புக்கெட், கிராபி, பீ பீ, லாந்தா, லீபே எல்லாம் அந்தப் பக்கம். கிழக்கே தாய்லாந்து வளைகுடா: சாமுயி, பங்கான், தாவ் அந்தப் பக்கம். இரண்டு கரைக்கும் மழை ஒரே நேரத்தில் வருவதில்லை.

இதை நினைவில் வைக்க நான் சொல்லும் கணக்கு எளிது. கேரளத்தில் பருவமழையா, புக்கெட்டிலும் மழை. சென்னையில் அடைமழையா, சாமுயியிலும் மழை. காற்று அதே காற்றுதான். தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் அக்டோபர் வரை அந்தமான் கரையை அடிக்கும். நம் ஐப்பசி, கார்த்திகையில் வீசும் வடகிழக்குக் காற்று வளைகுடாப் பக்கம் கொட்டும். சாமுயியில் நவம்பர்தான் மிக மோசம்.

ஆக, மே மாதம் என்றால் சாமுயி பக்கம் போங்கள். பாங்காக்கிலிருந்து விமானம் உண்டு. செலவைக் குறைக்க வேண்டுமானால் சூரத் தானி வரை போய், டோன்சாக் துறையில் கப்பல் ஏறலாம். கடலில் ஒன்றரை மணி நேரம்.

'மே மாதம் புக்கெட் போனோம், வெயில்தான் அடித்தது' என்று சொல்பவர்களும் பொய் சொல்லவில்லை. அங்கே நாள் முழுக்க மழை பெய்வது குறைவு. ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது மழைக்கு அல்ல, அலைக்கு. 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே புயல்காற்றில் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 47 பேர் இறந்தார்கள். வேகப்படகுக்காரர் 'இன்று வேண்டாம்' என்றால் வாதாடாதீர்கள். அவர் போகலாம் என்று சொன்னாலும் கடலைப் பார்த்து உங்கள் மனசு ஒப்பவில்லை என்றால் பணம் போனாலும் பரவாயில்லை, கரையிலேயே இருந்துவிடுங்கள்.

டிக்கெட் ஏற்கெனவே போட்டாகிவிட்டதா? படகுப் பயணத்தை முதல் இரண்டு நாட்களில் வையுங்கள். ரத்தானால் மறுநாள் போகலாம். கடைசி நாளில் வைத்தால் அதற்கு வழியில்லை. நான் ஒருமுறை ஆறு பேரோடு லீபே தீவில் மாட்டிக்கொண்டேன். படகு நின்றுபோனது, திரும்பும் விமானமும் போனது. அன்று முதல் கடைசி இரவைத் தீவில் வைப்பதே இல்லை. மழை நாளில் பழைய புக்கெட் டவுனில் சுற்றலாம். ஈயச் சுரங்கத்தில் பணம் சம்பாதித்த சீன வணிகர்கள் கட்டிய வீடுகள், முகப்பு வளைவுகளுக்கு அடியில் நனையாமல் நடக்கும் நடைபாதை, ஒரு காபி. அரை நாள் நன்றாகவே போகும்.

என் மாமியார் சுத்த சைவம். வெங்காயம், பூண்டுகூடத் தொடமாட்டார். அங்கே என்னதான் சாப்பிடுவார்? (கும்பகோணம் வாசகி)

உங்கள் மாமியாருக்காகவே அந்த ஊரில் ஒரு சொல் இருக்கிறது: ஜே. மஞ்சள் கொடியோ பலகையோ, அதில் சிவப்பில் எழுத்து. அந்தக் கடையில் இறைச்சி, மீன், முட்டை, பால் கிடையாது. வெங்காயம், பூண்டும் கிடையாது. சீன வம்சாவளியினரின் விரதச் சாப்பாடு அது. 'கின் ஜே' என்றால் 'ஜே சாப்பிடுகிறேன்' என்று பொருள். ஆண்கள் வாக்கியத்தை 'க்ராப்' என்று முடிப்பார்கள், பெண்கள் 'கா' என்று முடிப்பார்கள்.

'மங்சவிராட்' என்றொரு சொல்லும் உண்டு. அது வெறும் சைவம். முட்டை வரும், பூண்டு வரும். உங்கள் வீட்டுக்கு அது போதாது.

ஜே கடை இல்லாத இடத்தில் கவனம் வேண்டும். காய்கறி மட்டும் போடச் சொன்னாலும் 'நாம் ப்லா' என்கிற மீன் சாறு தானாக விழுந்துவிடும். அங்கே அது நமக்கு உப்பு மாதிரி. கறிக்கு அரைக்கும் மசாலாவில் இறால் விழுது இருக்கும். பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறால். சமைப்பவர் ஏமாற்றுவதில்லை, அவர் கணக்கில் அது அசைவமே அல்ல. 'மை சாய் நாம் ப்லா' என்றால் மீன் சாறு போடாதீர்கள் என்று அர்த்தம். இதைத் தாய் எழுத்தில் கைபேசியில் வைத்துக் காட்டுங்கள். வாணலியருகே நிற்கும் அம்மா படித்துவிட்டு, மீன்சாற்றுப் புட்டியை ஓரமாகத் தள்ளி வைத்து, சோயா சாற்றை எடுத்து உங்கள் முகத்துக்கு நேரே காட்டுவார். தலையாட்டினால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் புக்கெட்டில் ஒன்பது நாள் சைவத் திருவிழா நடக்கும். பெரும்பாலான ஆண்டுகளில் நம் நவராத்திரியோடு சேர்ந்தே வரும். ஊரெங்கும் மஞ்சள் கொடிதான். சாமி வந்தவர்கள் கன்னத்தில் அலகு குத்தி ஊர்வலம் போவார்கள். பங்குனி உத்திரம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகவே தோன்றாது. மாமியாரை அப்போது அழைத்துப் போனால் சாப்பாட்டுக் கவலையே இருக்காது. ஆனால் அது மழைக்காலத்தின் கடைசி. தீவுப் பயணத்தை நம்பிப் போகாதீர்கள்.

ஆகஸ்டில் தேனிலவு. பீ பீ தீவு, மாயா விரிகுடா பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள் மனைவி. (கோயம்புத்தூர் வாசகர்)

மாயா விரிகுடா ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் மூடியிருக்கும். கூட்டம் தாங்காமல் பவளம் செத்துப்போனதால் 2018 ஜூனில் அடைத்தார்கள். 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது படகு நேராக விரிகுடாவுக்குள் போகாது. பின்பக்கம் லோ சாமா என்ற இடத்தில் இறக்கிவிடுவார்கள், மரப்பாதையில் நடந்து மணலுக்கு வர வேண்டும். நீந்த அனுமதி இல்லை, முழங்கால் நீர் வரைதான். இதைக் குறையாக எண்ணாதீர்கள். கருமுனைத் துடுப்புச் சுறாக்குட்டிகள் கரையோரத்திலேயே திரும்ப வந்துவிட்டன. ஆள் இறங்காததால்தான் வந்தன.

ஆகஸ்டில் நீங்கள் இருவரும் தாவ் தீவுக்குப் போங்கள். ஆழ்கடல் நீச்சல் (ஸ்கூபா டைவிங்) கற்றுக்கொள்ள உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வரும் தீவு அது, கட்டணமும் நியாயம். மாயாவை ஏதாவதொரு திருமண நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரி நல்ல நேரம்.

அப்பாவுக்கு வயது 71, முழங்கால் வலி. ராய்லே கடற்கரையில் அறை போடலாமா? (திருச்சி வாசகர்)

ராய்லே தீவல்ல, கிராபிக் கரையோடு ஒட்டிய நிலம்தான். ஆனால் சுண்ணாம்புப் பாறைகள் சுவர்போல் அடைத்து நிற்பதால் சாலை கிடையாது. பக்கத்துக் கடற்கரை ஊரான ஆவ் நாங்கிலிருந்து நீள்வால் படகில் (நீளமான மர மோட்டார் படகு) கால் மணி நேரம். அதில் ஏறுவதுதான் உங்கள் அப்பாவுக்குச் சிரமம். மணலில் இறங்கி, முழங்கால் ஆழத் தண்ணீரில் நடந்து, ஆடும் படகின் பக்கவாட்டில் மாட்டிய சின்ன ஏணியில் கால் வைத்து ஏற வேண்டும். படகின் முனையில் பூமாலையும் வண்ணத் துணிகளும் கட்டியிருக்கும். படகைக் காக்கும் தெய்வம் மே யா நாங் அங்கே இருப்பதாக ஐதீகம். அதன்மேல் கால் வைத்தோ தாண்டியோ ஏறக் கூடாது.

கடல் வற்றும் நேரமானால் இன்னும் சிரமம். அந்தமான் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அதிகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது உச்சம். ராய்லேயின் கிழக்குக் கரை அப்போது சேறாகக் கிடக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் நடக்க நேரும்.

என் யோசனை: ஆவ் நாங்கிலேயே அறை எடுங்கள். ராய்லேக்கு ஒரு காலை மட்டும் போய் வாருங்கள். ஏற்ற நேரம் எது என்று விடுதியில் கேட்டால் சொல்வார்கள். படகோட்டியிடம் முன்கூட்டியே சொன்னால் இருவர் இரு கையைப் பிடித்து ஏற்றிவிடுவார்கள், அதில் அவர்களுக்கு நிறைய பழக்கம். தீவில்தான் தங்க வேண்டும் என்றால் லாந்தாவுக்குப் போகலாம். வேன் அப்படியே வண்டிப்படகில் ஏறிப் போகும், அப்பா இருக்கையை விட்டு எழ வேண்டியதில்லை.

எங்கள் யாருக்கும் நீச்சல் தெரியாது. கடலில் இறங்கலாமா? என்ன உடை சரி? (சேலம் வாசகி)

இறங்கலாம், மூன்று விஷயம் தெரிந்தால். முதலாவது, சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைப்பதோடு சரி. மழைக்காலத்தில் புக்கெட்டின் கரோன், கட்டா, சுரின் கரைகளில் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் வரும். கரையை நோக்கி எதிர்த்து நீந்துபவர்தான் களைத்து மூழ்குகிறார். மிதந்துகொண்டே, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலக வேண்டும், கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும்.

இரண்டாவது, ஜெல்லி மீன். நம் மீனவர்கள் சொறி என்பார்கள். பெட்டி வடிவ இனம் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. பல கரைகளில் கம்பத்தில் வினிகர் புட்டி வைத்திருப்பார்கள். கொட்டிய இடத்தில் அரை நிமிடத்துக்குக் குறையாமல் வினிகரை ஊற்றுங்கள். தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மூன்றாவது உடை. இதை யாரும் சொல்வதில்லை. சேலையும் சுடிதாரும் நனைந்தால் கனக்கும், துப்பட்டா காலில் சுற்றும். நீந்தத் தெரியாதவருக்கு அது பெரிய ஆபத்து. முழுக்கை நீச்சல் சட்டையும் லெகிங்ஸும் போடுங்கள். உடம்பு மூடியிருக்கும், சொறியிடமிருந்தும் வெயிலிடமிருந்தும் காக்கும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மேலே உயிர்காப்புச் சட்டை, கொக்கி எல்லாம் மாட்டி. பவளத்தின்மேல் மட்டும் காலூன்றாதீர்கள்.

அந்தமான் கரையெங்கும் சுனாமி வெளியேறும் வழி காட்டும் பலகைகள் உண்டு. 2004 டிசம்பர் 26 நமக்கும் அவர்களுக்கும் ஒரே நாள். விடுதிக்குப் போனதும் அந்த வழியைப் பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து பாருங்கள்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் பெர்ஹெந்தியான் தீவு? (கிள்ளான் வாசகர்)

வேண்டாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளில் விடுதிகள் பெரும்பாலும் அடைத்திருக்கும், கடல் சீறும். லங்காவி போங்கள், அப்போது அங்கே நல்ல வெயில். அந்தப் பருவத்தில் லங்காவியிலிருந்து லீபேக்கும் படகு உண்டு. கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா? வேறு சட்டச் சிக்கல் உண்டா? (நாகர்கோவில் வாசகர்)

நம்மைப்போல் இடதுபுறம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் கை பழகிவிடும். ஆனால் இருசக்கர வாகனத்துக்கும் செல்லும் பன்னாட்டு உரிமம் இல்லாமல் விழுந்தால் காப்பீடு ஒரு பைசா தராது. கடவுச்சீட்டை அடகுபோல் கேட்கும் கடையை விட்டு நகருங்கள். எடுக்கும்போதே வண்டியைச் சுற்றி வீடியோ எடுங்கள். பழைய கீறலுக்கு என்னிடமே பணம் கேட்ட கடை உண்டு.

இ-சிகரெட் அங்கே சட்டவிரோதம். கடல் தேசியப் பூங்காக்களில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் உள்ளிட்ட நான்கு பொருட்கள் கலந்த சன்ஸ்கிரீனுக்கு 2021 முதல் தடை, அபராதம் ஒரு லட்சம் பாட் வரை. பவளத்தை அவை கொல்கின்றன, அதனால் அபராதம் இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள். சங்கு, பவளத் துண்டு எதையும் பையில் போடாதீர்கள். 2025 மே 1 முதல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது, கட்டணம் கேட்கும் தளம் போலி.

கடற்கரை தவிர நமக்கு, தமிழர்களுக்கு, அங்கே பார்க்க ஏதாவது உண்டா? (யாழ்ப்பாணம் வாசகர்)

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று வெகுநாளாகக் காத்திருந்தேன்.

கிராபியிலிருந்து தெற்கே க்லோங் தோம் என்ற சிற்றூர். மணிகள் செய்து கடல்வழி விற்ற பழந்துறைமுகம் இருந்த இடம். அங்குள்ள புத்த விகாரையின் சிறு அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது, பொன் உரசிப் பார்க்கும் உரைகல். அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று வெட்டியிருக்கிறது. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டு. கடல் தாண்டி வந்த ஒரு பொற்கொல்லர், தன் கருவி பிறர் கையில் மாறிப்போகக் கூடாது என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார். பள்ளிப் பிள்ளை பென்சில் பெட்டியில் எழுதுவது போல.

வடக்கே பாங் ஙா மாகாணத்தில் தகுவா பா பக்கம் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும் அதைக் காத்த மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவினரையும் சொல்கிறது. அந்தக் கல்வெட்டு இப்போது நக்கோன் சி தம்மராட் அருங்காட்சியகத்தில். அதே தகுவா பா பக்கம் கிடைத்த பெரிய திருமால் சிலை புக்கெட்டின் தலாங் அருங்காட்சியகத்தில் நிற்கிறது, விமான நிலையத்துக்குப் போகும் வழியிலேயே.

க்லோங் தோமுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டாம். காலையில் கிராபியிலிருந்து கார் எடுங்கள், அதே பகுதியில் மரகதக் குளமும் வெந்நீர் அருவியும் உண்டு, பிள்ளைகளுக்கு அது போதும். உரைகல்லை முதலில் பாருங்கள். குளித்துவிட்டு வந்தால் பிள்ளைகள் காரை விட்டு இறங்கமாட்டார்கள்.